காடு பார்க்கப் போன அரை நாள்

சோலைமலைக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் ஒரு காலை மடக்கி ஒரு காலைக் குத்துக்காலிட்டு வைத்திருப்பார், யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓடத் தோதாக. அப்படிப்பட்ட மனுசரை ஜீப்பின் முன்சீட்டில் உட்கார வைத்து மலையேற்றினால் என்ன பாடுபடுத்துவார்? போடி தாண்டி முந்தல் வருவதற்குள் துண்டைத் தோளுக்கும் மடிக்குமாகப் பத்துத் தடவை மாற்றிவிட்டார்.

எண்பத்தொன்றாம் வருசம், தை பிறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. சிலமலையில் அவருக்கு இரண்டு கிணறும் ஒன்பது ஏக்கர் தோட்டமும். இளைய மகள் மாயக்காளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு சம்பந்தம் வந்து நின்றன. இரண்டு வீட்டுக்கும் மலையில் ஏலத்தோட்டம். ராஜாராம் வீட்டுத் தோட்டம் போடிமெட்டில், மலையின் இந்தப் பக்கம் பார்த்து இருந்தது. பெரியகருப்பன் வீட்டுத் தோட்டம் மலையைத் தாண்டி, பூப்பாறைக்கும் அப்பால். தரகர் திருப்பதி கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நிக்காதீகண்ணே. ரெண்டு வீட்லயும் வேற பொண்ணு சாதகத்தக் கையில வச்சுக்கிட்டு இருக்காக. காலையில போயி ரெண்டு காட்டையும் பாருங்க. மத்தியானம் எறங்கி வந்து எங்கிட்ட ஒரு பேரச் சொல்லுங்க. நான் பஸ்ஸ்டாண்டு காப்பிக் கடையில இருப்பேன்."

காடு பார்ப்பது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளையின் மூக்கையும் முழியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் மண்ணைப் பார் என்பார்கள். மண் பார்ப்பதில் சோலைமலையை மிஞ்ச சிலமலையில் ஆள் கிடையாது. யார் நிலம் வாங்கினாலும் அவரைத்தான் முன்னால் கூட்டிப் போவார்கள். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கி, மோந்து பார்த்து, வாய்க்கால் போகும் வாட்டத்தைக் கண்ணாலே அளந்து, "வாங்கு" என்பார், இல்லை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். அவர் சொன்னது அதுவரை பொய்த்ததில்லை. அந்தக் கர்வம் அவருக்கு நிறையவே இருந்தது.

மகளையும் கூட்டிப் போனதுதான் வழக்கத்துக்கு மாறானது. பூ வைக்கும் முன்னே பெண் மாப்பிள்ளை வீட்டு எல்லையை மிதிக்கக் கூடாது. ஆனால் மாயக்காள் இரண்டு நாள் சோறு தண்ணியில்லாமல் சண்டை போட்டாள். "இருக்கப் போறவ நானு. நீங்க பாத்துட்டு வந்து சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா" என்றாள். அவள் அம்மா மூக்கம்மாளுக்கு வளைவில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும், அவள் வரமாட்டாள். கடைசியில் சோலைமலை ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். மாயக்காள் அவருடைய தங்கச்சி மகள், ஊர் மதுரை, மலை சுத்திப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருக்கிறாள். அவளை மலை ஊர்களைக் காட்டக் கூட்டி வந்தவர் போகிற போக்கில் காட்டையும் பார்க்கிறார். பொய்யைச் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்பதால் வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இதற்காகத்தான் தனி ஜீப்பு. பதினாறு பேரை அடைத்து ஏற்றுகிற வண்டியில் போனால், அவர் மெட்டுக்குப் போய்ச் சேரும் முன்னே சேதி போய்ச் சேர்ந்துவிடும். ஓட்டுகிற ஜக்கையனுக்கு விசயம் புரியாமலில்லை. போடியில் ஆள் ஏற்றாமல் ஜீப்பு மலையேறினால் ஒன்று சீக்கு, இல்லை சம்பந்தம். இவர்கள் முகத்தில் சீக்கு இல்லை.

"ஒரு மணிக்கு உங்களக் கீழ எறக்கிருவேண்ணே. ரெண்டு மணிக்கு நான் மேல போயி எடுப்புக்காரவுகளக் கூட்டணும்" என்றான். எடுப்பு என்றால் ஏலக்காய் பறிப்பு.

"வெரசாப் போப்பா" என்றார் சோலைமலை. வண்டி அப்போதுதான் கிளம்பியிருந்தது.

மெட்டுக்குப் போனபோது எட்டரை இருக்கும். ராஜாராம் சாலைக்கே வந்து காத்திருந்தார். வெள்ளை வேட்டி, கம்பளிச் சட்டை, இனிமையான பேச்சு. மலை விளிம்பில் அவருடைய தகரக் கூரை போட்ட வீடு. வீட்டு முன்னால் நாலு நாற்காலி போட்டு, சூடான காப்பி கொடுத்து, "பாருங்க" என்று கையை நீட்டினார்.

சோலைமலை பார்த்தார். பார்த்தவர் காப்பியை மறந்துவிட்டார். போடி கீழே சிதறிக் கிடந்தது. அந்தப் பக்கம் பொட்டிபுரத்துக் குன்று. கண்மாய்கள் வெயிலில் பளபளத்தன. அவர் கண் தானாகவே தன் ஊரைத் தேடியது. சிலமலைக் கண்மாய், கரை, கரைக்குக் கிழக்கே ஒரு வெள்ளைப் புள்ளி.

"அந்தா, அதுதான் நம்ம மோட்டார் ரூம்பு" என்றார்.

அது அவருடைய மோட்டார் ரூம்தானா, பக்கத்துத் தோட்டத்துக்காரனுடையதா என்று அந்த உயரத்திலிருந்து சாமியாலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"கீழருந்து பாத்தாலும் எங்க வீடு தெரியும். காலையில தகரத்துல வெயில் பட்டா மின்னும்ல" என்றார் ராஜாராம்.

சோலைமலைக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. தினமும் விடிந்ததும் கிணற்றடியில் நின்று அந்த மினுக்கத்தைப் பார்த்திருக்கிறார். யார் வீடோ என்று நினைத்ததோடு சரி. இனிமேல் அது மகள் வீடாக இருந்தால்? தண்ணீர் கட்டிக்கொண்டே தலையை நிமிர்த்தினால் போதும், மகள் இருக்கும் இடம் தெரியும். மூத்தவளைக் கம்பத்தில் கொடுத்து ஐந்து வருசம் ஆகிறது, நாலே நாலு தடவைதான் போயிருக்கிறார். கேட்டால் தண்ணி பாய்ச்ச ஆளில்லை என்பார். அந்த உறுத்தல் அவருக்கு உண்டு. இளையவளையாவது கண்ணுக்கு எட்டும் இடத்தில் கொடுக்க வேண்டும் என்று பாழாய்ப்போன மனசு அடித்துக்கொண்டிருந்தது, அதற்கு வழி கிடைத்துவிட்டது.

பிறகு காட்டைச் சுற்றிக் காட்டினார்கள். ஏலச்செடி அவர் அதுவரை அருகில் பார்த்திராத பயிர். ஆனாலும் பயிர் பயிர்தானே. களையெடுத்துச் சுத்தமாக இருந்தது. ஒரு செடிக்கும் மறு செடிக்கும் நடுவே நல்ல வெளிச்சம். அங்கங்கே இலை மஞ்சள் பாய்ந்திருந்ததை, தைப் பனிக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவரே சமாதானம் செய்துகொண்டார். மாப்பிள்ளைப் பையனும் எதிரில் வந்து கும்பிட்டான். வாட்டசாட்டமாக, லட்சணமாக இருந்தான்.

மாயக்காள் ஆண்களோடு வரவில்லை. சரிவில் காய் எடுத்துக்கொண்டிருந்த மூன்று பெண்களிடம் தண்ணீர் கேட்டுப் போனவள் அங்கேயே குத்தவைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். மதுரைக்காரி என்றால் இப்படியா நடந்துகொள்வாள் என்று சோலைமலைக்குப் பதைத்தது. இரண்டு தடவை இருமிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

பூப்பாறை தாண்டி ஜீப்பு மண்பாதையில் இறங்கியபோது வெளிச்சமே குறைந்துவிட்டது. பகல் பத்து மணிக்கு அந்தி மாதிரி இருந்தது. ஆள் கட்டிப் பிடிக்க முடியாத பெரிய மரங்கள் நின்றன. அதற்கு அடியில் ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேலே அடர்ந்து கவிந்து நின்றது. குனிந்துதான் போக வேண்டியிருந்தது. எங்கே பார்த்தாலும் ஈரம். வானத்தைத் தேட வேண்டியிருந்தது, ஊரைத் தேடுவது எங்கே.

பெரியகருப்பன் அழுக்கு வேட்டியோடு, இடுப்பில் செருகிய வளைந்த கத்தியோடு வந்தார். முப்பது வருசம் மலையாளத்து ஆட்களோடு பழகிய பேச்சு. வாங்க என்றதற்கு மேல் உபசாரம் இல்லை. மகன் ஏலக்காய் காயவைக்கும் அறையிலிருந்து புகையில் கண் சிவந்து வெளியே வந்தான். குட்டை. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சோலைமலைக்குச் சும்மா நிற்க முடியவில்லை. மண்ணை ஒரு பிடி எடுத்தார். கறுப்பாக, மெத்தென்று, மக்கிய இலை வாசத்தோடு இருந்தது. நல்ல மண். அதனாலேயே அவருக்குக் கோபம் வந்தது.

"இம்புட்டு நல்ல மண்ண வச்சுக்கிட்டு ஏன் இன்னும் காட்ட வெட்டித் திருத்தாமப் போட்டிருக்கீக? இந்த மரத்தப் பூராச் சாய்ச்சா நல்லா வெயில் விழுகும்ல" என்றார்.

ஜக்கையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெரியகருப்பன் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

"விழுகும். காயி விழுகாது" என்றார். பிறகு மேலே இலைகளுக்கு நடுவில் தெரிந்த கையகல வானத்தைக் காட்டி, "வெயிலு இம்புட்டு மதி" என்றார், போதும் என்கிற அர்த்தத்தில்.

சோம்பேறிக்குச் சாக்குச் சொல்லவா தெரியாது என்று சோலைமலை மனசுக்குள் சொல்லிக்கொண்டார். பருத்தியும் கடலையும் போட்டுப் பழகியவர். நிழல் விழுந்த இடத்தில் பயிர் சோம்பிப் போகும் என்பது அவருக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். வரப்பில் நிற்கும் வேப்பமரத்தின் கிளையைக்கூட வருசம் தவறாமல் கழிப்பவர் அவர். மாயக்காள் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. செடிகளுக்குள் நுழைந்து, அடியில் தரையோடு கிடந்த காய்ச்சரங்களை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது மெட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி விளிம்பில் நின்று மறுபடியும் சிலமலையைப் பார்த்தார். வெள்ளைப் புள்ளி அங்கேயே இருந்தது. அவருக்கு மனசு லேசானது.

"ராஜாராம் வீட்டுக்கே சொல்லிரலாம் ஆத்தா. காடு சுத்தமா இருக்கு, பையனும் நல்லா இருக்கான். தெனம் நான் அங்கெருந்து ஒன் வீட்டப் பாத்துக்கிருவேன்."

மாயக்காள் வண்டியிலிருந்து இறங்கவில்லை. "அய்யா, அந்தக் காட்டுல காயி இல்ல" என்றாள்.

"யாரு சொன்னா?"

"காயெடுக்குற மருதாயி சொல்லுச்சு. மூணு வருசத்துக்கு முன்னாடி மரத்த வெட்டி வித்துட்டாகளாம். முன்னாடி முப்பது பேரு எடுத்த காட்டுல இன்னைக்கு மூணு பேரு எடுக்குறாக. நானும் பாத்தேன். சரம் காஞ்சு கெடக்கு. அந்தக் குட்டையன் வீட்டுக் காட்டுல ஒவ்வொரு சரமும் கையில தூக்குனா கனக்குது."

"கூலிக்கு வந்தவ ஆயிரஞ் சொல்லுவா" என்றார் சோலைமலை. குரல் ஏறிவிட்டது. "மண்ணு பாக்க எனக்குச் சொல்லித் தர்றியா? தம்பி, நீ சொல்லுப்பா, எந்தக் காடு தேவல?"

ஜக்கையன் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் வண்டி ஓட்டுறவண்ணே. ரெண்டு வீட்டுச் சோறும் தின்னவன். ஒரு காட்டப் பத்தி ஒரு சொல்லு சொன்னேன்னா நாளைக்கு எவனும் என் வண்டியில லோடு ஏத்த மாட்டான்."

"அண்ணே, காட்டப் பத்திச் சொல்ல வேண்டாம்" என்றாள் மாயக்காள். "ஒங்க சோலியப் பத்திச் சொல்லுங்க. எந்த வீட்டுக்கு அதிகம் வண்டி ஓட்டுறீக?"

"மெட்டுல எனக்கு இப்பச் சோலி கம்மி தங்கச்சி" என்று மட்டும் சொன்னான்.

சோலைமலைக்குக் காது மடல் சுட்டது. ஒரு சின்னப் பெண் முன்னாலும் ஒரு டிரைவர் முன்னாலும் தன் கண் பொய்த்துப் போவதாவது. "எல்லாம் தெரியும், ஏறு" என்று தானே ஏறி உட்கார்ந்தார். "மரம் வச்சா வளந்துட்டுப் போகுது. எனக்குப் பெருசு நீ கண்ணுக்குத் தெரியிற எடத்துல இருக்கணும். அம்புட்டுத்தான்."

அப்போது மாயக்காள் சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "நீங்க அங்கெருந்து பாக்குறதுக்காக நான் இங்க வெயில்ல கெடந்து காயணுமாய்யா? அக்காளப் பாக்கக் கம்பத்துக்கு ஒன்னரை மணி நேரம் பஸ்சுல போக முடியாதவரு நீங்க. என் வீட்டுத் தகரம் மின்னுனாப் போதும்னு இருந்துருவீக. என்னையப் பாக்கணும்னா வந்து பாருங்க. தூரத்துல நின்னு பாத்தா அது பாத்ததாகாது."

ஜீப்பு இறங்கத் தொடங்கியது. இரண்டு வளைவு தாண்டும் வரை சோலைமலை கதவுக் கம்பியைப் பிடித்துப் பிடித்து விட்டார். மூன்றாவதில் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எரிச்சலும் வெட்கமும் ஒன்றோடு ஒன்று பிடித்து இழுத்தன. மகள் சொன்னதில் பாதி அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான் பெரிய வேதனை. மஞ்சள் பாய்ந்த இலையைப் பார்த்தாரா இல்லையா? பார்த்தார். சிலமலையில் வேறு ஒருவனுக்கு நிலம் பார்க்கப் போயிருந்தால் அந்த ஒரு இலைக்கே துண்டை உதறியிருப்பார். தன் மகளுக்கு என்று வந்தபோது வெள்ளைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நிப்பாட்டு" என்றார்.

பாதி மலையில் புலியூத்துப் பக்கம். சாலைக்கு அடியில் மேலேயிருந்து வரும் ஓடைக்காகக் கட்டிய சின்னப் பாலம். இறங்கி எட்டிப் பார்த்தார். கல் வெளுத்துக் கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. நூறடி நடந்து அடுத்த பாலத்துக்குப் போனார். அங்கே தண்ணீர் சலசலவென்று ஓடியது, குனிந்து கையை விட்டால் மணிக்கட்டு வரைக்கும் நனையும். அண்ணாந்து பார்த்தார். தண்ணீர் வந்த பக்கம் மேலே கறுகறுவென்று மரம். காய்ந்த ஓடைக்கு நேர் மேலே ராஜாராமின் வெளுத்த சரிவு.

வேகமாகத் திரும்பி வந்தார். "தம்பி, அந்த ஓடை எப்பருந்து இப்பிடிக் கெடக்கு?"

"ஓடையப் பத்திச் சொன்னாத் தப்பில்ல" என்றான் ஜக்கையன். "மூணு தையா இப்பிடித்தாண்ணே. அதுக்கு முன்னாடி நான் இங்கதான் ரேடியேட்டருக்குத் தண்ணி பிடிப்பேன்."

சோலைமலை அந்தக் கல்லைப் பார்த்தபடி நின்றார். தண்ணீரை நம்பிப் பிழைத்தவருக்கு இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மண்ணில் இன்னும் நாலு வருசத்தில் என்ன மிஞ்சும் என்று அவருக்குத் தெரிந்தது. காலையில் தெரிந்த அழகெல்லாம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. மரம் நின்றிருந்தால் சிலமலை அவர் கண்ணுக்குப் பட்டே இருக்காது.

வண்டியில் ஏறினார். மாயக்காள் ஏதாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தச் சாக்கில் ஒரு சத்தம் போட்டுவிட்டு இலகுவாகியிருப்பார், அதற்கும் வழியில்லாமல் போனது.

போடி பஸ்ஸ்டாண்டில் இறங்கியபோது ஒரு மணி ஆகப் பத்து நிமிசம். திருப்பதி காப்பிக் கடைக்குள்ளிருந்து வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். கடையில் சிலமலைக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதைச் சொன்னாலும் சாயந்தரத்துக்குள் ஊருக்குப் போய்விடும்.

"என்னண்ணே, ராஜாராம் வீடுதான? பாத்ததுமே பிடிச்சிருக்கும்னு எனக்குத் தெரியும்."

"பெரியகருப்பன் வீட்டுக்குச் சொல்லிரு."

திருப்பதிக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. "அங்கயா? அந்தக் காட்டுக்குள்ள பகல்லயே விளக்கு வைக்கணுமே. மெட்டுக் காடு எப்பிடிச் சுத்தமா இருக்கு. நீங்க மண்ணு பாக்குறவரு, நீங்களா இப்பிடிச் சொல்றீக?"

சோலைமலைக்கு வசதியாக ஒரு பொய் நாக்கின் நுனியில் வந்து நின்றது. சாதகப் பொருத்தம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அவர் பேரும் பழுதாகாது. காப்பிக் கடையில் இருந்த இரண்டு பேரும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாயக்காள் பின்னால் நின்றாள்.

"நான் பாத்தேன், எனக்குத் தெரியல" என்றார், அவர்களுக்கும் கேட்கும்படியாக. "எம் மக கூட வந்து பாத்தா. அவளுக்குத் தெரிஞ்சது. அவதான் சொன்னா."

"பொண்ணு கூட வந்துச்சா? பூ வைக்கிறதுக்கு முன்னாடியா?" திருப்பதி குரலைத் தாழ்த்தினார். "இத வெளிய சொல்லாதீகண்ணே."

"சொன்னா என்ன? அவதான இருக்கப் போறவ. வெரசாப் போயிச் சொல்லு, தை முடியிறதுக்குள்ள முகூர்த்தம் வேணும்."

திருப்பதி மலைக்குப் போகிற ஜீப்பைத் தேடிப் போனார். காலையிலிருந்து மென்று விழுங்க முடியாமல் கிடந்தது ஒருவழியாக முடிந்தது. தை முடிய இன்னும் எத்தனை நாள் என்று சோலைமலை விரல் விட்டு எண்ணினார். இருபத்தொன்று. மறுபடியும் எண்ணினார், அதேதான் வந்தது. இத்தனை நேரமும் எந்த வீடு, எந்த வீடு என்றே ஓடிக்கொண்டிருந்த மனசுக்கு, எந்த வீடாக இருந்தாலும் இவள் தன் வீட்டை விட்டுப் போகப் போகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பி மகளைப் பார்த்தார். மலையில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பஸ்ஸ்டாண்டு என்றும் பாராமல் அழுதுகொண்டிருந்தாள்.